ஒட்டு மரமும் நம் ஊர் வீடுகளும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் இன்றியமையாத் தேவைகள். இவற்றுள் உறையுளின் அருமையை வேதாரண்யம் வட்டாரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கரையேறிய கஜா புயல், கூரைகளைப் பறித்ததோடு தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. விழுந்த தென்னைகளை விறகு விலைக்குத் தள்ளிவிட்டவர்களை நான் அறிவேன். அம்மரங்களே வீடாகி நின்றிருக்கக் கூடாதா? இக்கேள்விக்கு விடை தருவது ஒட்டு மரம்.

மரம் நாரின் நீளவாக்கில் அதிகம் சுருங்குவதில்லை. குறுக்குவாக்கில்தான் ஈரத்தால் பருத்தும் காய்ந்தால் சுருங்கியும் வளைகிறது. மரத்தை மெல்லிய தகடுகளாகவோ பட்டைகளாகவோ அறுத்து உலர்த்தி, ஓர் அடுக்கின் மேல் அடுத்ததைக் குறுக்காக வைத்துப் பிசினிட்டு அழுத்தினால், ஒன்றை மற்றொன்று வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். நாம் அறிந்த பிளைவுட்டின் தத்துவம் இதுவே. பிசினிட்டு இணைத்த தடித்த பலகைகளும் உத்தரங்களும் கொண்டு நார்வே நாட்டில் 2019இல் 18 மாடிக் கட்டடமே எழுப்பியுள்ளனர்.

வீட்டு மரம் என்றால் நாம் முதிர்ந்த தேக்கையே நினைக்கிறோம். நம் மணலில் வளர்வதோ சவுக்கும் தென்னையும். சவுக்கு சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். ஆனால் பருமன் குறைவு, வெடிக்கும் இயல்பும் உண்டு. தென்னையின் புறப்பகுதி வைரம் பாய்ந்தது, நடுப்பகுதி சோறு போன்றது. உறுதியான பட்டைகளை மட்டும் தேர்ந்து ஒட்டினால் இக்குறைகள் குறையும். பெங்களூர் ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிறுவனம், மூங்கிற் பாயையே பிசினால் அடுக்கிப் பலகையாக்கிக் காட்டியிருக்கிறது.

உப்பளங்கள் சூழ்ந்த நம் ஊரில் உப்புக்காற்று கான்கிரீட்டின் உட்கம்பியைத் துருவேற்றுகிறது. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மரத்துக்கு இத்தொல்லை இல்லை. மேலும், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்கையில் கரியமில வாயு வெளியேறுகிறது. மரமோ வளரும்போது உறிஞ்சிய கரியைத் தன்னுள் வைத்திருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. விறகாக எரித்தால் அது மீண்டும் காற்றில் கலந்துவிடும்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். யூரியாப் பிசின் ஈரத்தில் விட்டுப்போகும். வெளிப்புறத்துக்குப் பீனால் பிசினே ஏற்றது. கரையானுக்கு மருந்தேற்ற வேண்டும். மர வீடு எடை குறைந்தது. ஆதலால் துருப்பிடிக்காத பட்டைகளால் கூரை முதல் அடித்தளம் வரை பிணைக்காவிட்டால் புயல் தூக்கிவிடும். நட்டு வளர்த்த மரத்தையே வெட்ட வேண்டும். கோடியக்கரைக் காட்டில் கைவைக்கலாகாது.

ஆரணியம் என்றால் காடு. காட்டின் பெயரைத் தாங்கிய ஊரில், நட்ட மரம் விறகாய் முடிவதா, வீடாய் நிற்பதா என்பதை, இங்குப் பயிலும் நாம் சிந்திப்போமாக!