வலிக்காத கரும்புண்: உண்ணிக் காய்ச்சலை அடையாளம் காண்போம்

ஐந்து நாட்களாகக் காய்ச்சல். முதல் நாள் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை. மூன்றாம் நாள் ஊசி. நான்காம் நாள் இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருப்பது தெரிகிறது. "டெங்குவாக இருக்குமோ?" என்ற அச்சம் வீட்டைப் பற்றிக்கொள்கிறது. டெங்குப் பரிசோதனையிலோ ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது.

மழைக்காலத்தின் பிற்பகுதியில் சிற்றூர்களிலிருந்து மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் பலவும் ஏறத்தாழ இதே வரலாற்றைச் சொல்கின்றன. அதைக் கேட்ட மருத்துவர் நோயாளியின் அக்குளைப் பார்க்கிறார். பாவாடை நாடாவோ அரைஞாண் கயிறோ இறுகும் இடுப்பைப் பார்க்கிறார். காதின் பின்புறத்தைப் பார்க்கிறார். எங்கோ ஓரிடத்தில் சுருட்டு நெருப்புச் சுட்டதுபோல் ஒரு சிறு கரும்பொருக்கு இருக்கிறது. அது எப்போது வந்தது என்று கேட்டால் நோயாளிக்கே தெரியவில்லை. அது வலிக்கவுமில்லை, அரிக்கவுமில்லை.

மருத்துவர்கள் 'எஸ்கார்' என்று அழைக்கும் அந்தப் பொருக்கே 'ஸ்கிரப் டைபஸ்' எனப்படும் உண்ணிக் காய்ச்சலின் தலையாய அடையாளம். அதைக் காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும், கூச்சத்தை ஒதுக்கிவைத்துத் தேடும் மனமும் போதும். நோயாளிகளும் அவர்களுடன் இருப்போரும் இந்நோயைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி

மழை பெய்து ஓய்ந்ததும் சிவப்புப் பட்டுத் துணுக்குகளைப் போல நிலத்தில் ஊரும் தம்பலப்பூச்சியை நம்மில் பலர் சிறுவயதில் உள்ளங்கையில் ஏந்தியிருப்போம். அது மனிதருக்குத் தீங்கு செய்யாதது. அதன் தூரத்து உறவினமான ஒரு சிற்றுண்ணியே இந்நோயைப் பரப்புகிறது.

இச்சிற்றுண்ணியின் வாழ்க்கை வியப்புக்குரியது. வளர்ந்த சிற்றுண்ணி எட்டுக் கால்களுடன் மண்ணுக்குள் வாழ்ந்து, பூச்சிகளின் முட்டைகளைத் தின்று காலம் கழிக்கிறது. அது எவரையும் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் உயிருள்ள விலங்கின் உடலிலிருந்து ஒருவேளை உணவு தேவைப்படுகிறது. ஆறு கால்கள் கொண்ட அக்குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அது புல் நுனியிலும் சருகின் மேலும் ஏறிக் காத்திருக்கும். அவ்வழியே செல்லும் எலியோ பெருச்சாளியோ மூஞ்சூறோ மனிதரோ, எவர் உடல் தட்டுப்பட்டாலும் தொற்றிக்கொள்ளும். தோலின் மென்மையான பகுதியைத் தேடிச் சென்று ஒட்டிக்கொண்டு, திசுநீரை உறிஞ்சிய பின் உதிர்ந்து மண்ணுக்குத் திரும்பிவிடும். கடிபட்டவருக்குக் கடிபட்ட உணர்வே இராது.

'ஓரியென்சியா சுட்சுகாமுஷி' என்னும் நுண்ணுயிரி இச்சிற்றுண்ணிகள் சிலவற்றின் உடலில் குடியிருக்கிறது. கடியின் வழியே அது நம் உடலில் நுழைகிறது.

எலிக்கும் நமக்கும் இடையே

வயல்வெளியில் பிடிபடும் எலியின் காதுமடலை உற்று நோக்கினால், செம்மஞ்சள் பொடி தூவியதுபோல் இக்குஞ்சுகள் கூட்டமாக ஒட்டியிருப்பதைக் காணலாம். இதனால் எலிதான் நோயைத் தருகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை சற்று வேறானது. ஒரு குஞ்சு தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இவ்வாறு உணவு கொள்கிறது. எலியின் காதில் வயிறு நிறைந்த குஞ்சு மறுபடி நம்மைக் கடிக்க வருவதில்லை. ஆனால் அது வளர்ந்து இடும் முட்டைகளுக்குள்ளும் நுண்ணுயிரி புகுந்துவிடுகிறது. தாயிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்குமாகத் தலைமுறை தலைமுறையாக அது தொடர்கிறது. எலியும் மூஞ்சூறும் இச்சிற்றுண்ணிக் குலத்துக்குச் சோறிட்டு வளர்க்கின்றன. அக்குலமே நோயைக் காத்து வைத்திருக்கிறது.

ஆதலின், எலிகள் மிகுந்த புதரும் வரப்பும் வைக்கோற்போரும் விறகுக் குவியலும் உள்ள இடமே இந்நோய்க்கு ஏற்ற நிலம். அது அடர்ந்த காடாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டின் கொல்லைப்புறமும், ஊரின் ஓரத்தில் மண்டிய சீமைக்கருவேலம் புதரும் போதும். தமிழகத்தில் மழையைத் தொடர்ந்து புல் செழித்து வளரும் குளிர்ந்த மாதங்களில் இக்காய்ச்சல் மிகுவதற்குக் காரணம் இதுவே.

ஒரு செய்தி ஆறுதல் தருவது: இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியின் அருகில் அமரவும், உணவு ஊட்டவும், துணி துவைக்கவும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

மறக்கப்பட்டு மீண்ட நோய்

சப்பானிய மொழியில் 'சுட்சுகா' என்றால் நோய் அல்லது தீங்கு. 'முஷி' என்றால் பூச்சி. ஆற்றங்கரை நிலங்களைத் திருத்திப் பயிரிட்ட அந்நாட்டு உழவர்கள் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் போரிட்ட படைவீரர்கள் பலர் இதற்கு ஆளாயினர். அக்காலத்தில் இதற்கு மருந்தில்லை. 1948-இல் மலாயாவின் கோலாலம்பூரில், அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து இந்நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் விரைவில் தணிந்தது. அன்றுமுதல் இது குணப்படுத்தக்கூடிய நோயாயிற்று.

பின்னர் இந்தியாவில் இந்நோய் ஏறத்தாழ மறக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து, தமிழகம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் மருத்துவர்கள் இதனை மீண்டும் பெருமளவில் அடையாளம் கண்டு வருகின்றனர். மருந்து இருந்தும் உயிர்கள் பறிபோவதற்கு முதற்காரணம், நோயின் பெயர் தாமதமாகத் தெரியவருவதே.

உடலுக்குள் நிகழ்வது

சிற்றுண்ணி கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. கடும் தலைவலி, உடல்வலி, குமட்டல், வறட்டு இருமல் ஆகியவை உடன் வரலாம். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருக்கலாம். இவ்வறிகுறிகளை மட்டும் கொண்டு டெங்கு, குடற்காய்ச்சல், எலிக்காய்ச்சல், மலேரியா ஆகியவற்றிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிதன்று. தட்டணுக்கள் குறைவது டெங்குவுக்கு மட்டுமே உரியதென்று பலர் கருதுகின்றனர். உண்ணிக் காய்ச்சலிலும் அவை குறைவதுண்டு.

இந்நுண்ணுயிரி இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. சுவர் பழுதடையும்போது நீர் கசிகிறது. நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவையும் பாதிக்கப்படும். இரத்த அழுத்தம் வீழும். முதல் வாரத்தில் மாத்திரையால் தீரக்கூடிய நோய், இரண்டாம் வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுசென்றுவிடக்கூடும்.

கரும்பொருக்கை எங்கே தேடுவது?

சிற்றுண்ணி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் தோன்றும்; அது உடைந்து, நடுவில் கருத்தும் ஓரத்தில் சிவந்தும் பொருக்குக் கட்டும். பெரும்பாலும் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உடை இறுகும் இடங்களிலும், தோல் மடிந்து ஈரமாக இருக்கும் இடங்களிலும் அதைத் தேட வேண்டும்:

- அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொப்புளைச் சுற்றிய பகுதி
- இடுப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டம்
- காதின் பின்புறம், கழுத்து, தலைமுடிக்குள்
- முழங்காலின் பின்புறம், முதுகு

ஈரமான மடிப்புகளில் பொருக்குக் கருமை இழந்து, வெளிறிய சிறு புண்ணாகவும் தோன்றலாம்.

இவற்றுள் பல, எவரும் எளிதில் காட்டத் துணியாத இடங்கள். "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவது இயல்பு. மூத்த பெண்மணிகள் மகனிடமோ மருமகனிடமோ இதைச் சொல்ல மாட்டார்கள். ஆதலின் வீட்டிலேயே, குளிப்பாட்டும்போதோ உடை மாற்றும்போதோ, நோயாளிக்கு நெருக்கமான ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. மருத்துவமனையில் பெண் மருத்துவரோ செவிலியரோ பார்க்க வேண்டும் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

பொருக்கு இல்லையென்றால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. நோயாளிகளில் பலருக்கு அது தோன்றுவதே இல்லை. அத்தகையோருக்கு இரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் பரவலாகச் செய்யப்படும் 'ஐ.ஜி.எம். எலைசா' பரிசோதனை முதல் சில நாட்களில் நோயைக் காட்டாமல் போகலாம். எனவே அறிகுறிகள் பொருந்தினால், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. "சோதனை முடிவு வருமுன்னே மருந்து ஏன்?" என்று ஐயுற வேண்டாம்.

மருந்து எளியது, காலம் அரியது

டாக்சிசைக்கிளின் என்னும் மருந்து இந்நோய்க்கு நன்கு பயன்படுகிறது. கருவுற்ற பெண்களுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் தரப்படுகிறது. இரண்டும் விலை மிகுந்தவை அல்ல. தக்க மருந்து தொடங்கிய பின் பெரும்பாலோர்க்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணிகிறது.

நோய் முற்றியவர்களுக்கு எம்மருந்து சிறந்தது என்பதை அறிய இந்தியாவின் பல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிட மேலான பலன் அளித்தது என்று அதன் முடிவுகள் 2023-இல் வெளியாயின.

பென்சிலின் வகையும், காய்ச்சலுக்கு ஊசியாகப் பரவலாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளும் இந்நுண்ணுயிரியை ஒன்றும் செய்வதில்லை. "ஊசி போட்டாயிற்று, காத்திருப்போம்" என்று நாட்கள் கழிவதன் ஆபத்து இதில்தான் இருக்கிறது. அதற்காக டாக்சிசைக்கிளினைத் தாமாகவே கடையில் வாங்கி உண்பதும் தவறு. அளவையும் நாட்களையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாத்திரையை ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் அரைமணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாயில் புண் ஏற்படலாம். பால், இரும்புச்சத்து மாத்திரை, அமிலத்தன்மையைத் தணிக்கும் மருந்து ஆகியவற்றுடன் சேர்த்து உண்ணலாகாது. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாட்கள் வரை தொடர வேண்டும்.

நாயின் உண்ணியும் இதுவும் ஒன்றா?

பலரும் கேட்கும் கேள்வி இது. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்துப் பருத்துக் கண்ணுக்குத் தெரியும் உண்ணி வேறு, இச்சிற்றுண்ணி வேறு. எனினும் அதையும் எளிதாக எண்ணிவிடலாகாது. நாய்உண்ணி நாய்களுக்கு இரத்தச்சோகையையும் கொடிய காய்ச்சலையும் தருவதோடு, மனிதருக்கு வேறொரு வகை டைபஸ் காய்ச்சலையும் பரப்பக்கூடியது. 1957-இல் கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் குரங்குகள் இறந்து விழுந்ததைத் தொடர்ந்து கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயும் உண்ணியால் பரவுவதே.

வளர்ப்பு விலங்குகளுக்கு உண்ணி நீக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி இடுங்கள். உண்ணியை வெறும் விரலால் நசுக்காதீர்கள்.

வருமுன் காக்க

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. வயலுக்கோ புதர்ப் பகுதிக்கோ செல்லும்போது கைகால்களை மூடும் உடை அணியுங்கள். வெறும் புல்லில் அமர்வதையும் படுப்பதையும் தவிர்த்துப் பாயோ விரிப்போ பயன்படுத்துங்கள். துவைத்த துணியைப் புதர்மேலும் புல்மேலும் உலர்த்தாமல் கொடியில் உலர்த்துங்கள். வீடு திரும்பியதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து, அணிந்திருந்த உடையை மாற்றிவிடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். தானியத்தையும் உணவுக் கழிவையும் எலிக்கு எட்டாமல் வையுங்கள். புதர்மறைவை நாடாமல் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இந்நோயிலிருந்து காக்கும்.

உடனிருப்போர் கவனத்திற்கு

காய்ச்சலுடன் வரும்போது மருத்துவரிடம் மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லுங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாள்; கடந்த மூன்று வாரங்களில் நோயாளி சென்ற வயல், தோட்டம், புதர், மேய்ச்சல் நிலம்; இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர். மருந்து அட்டைகளைக் கையோடு எடுத்து வருவது நலம்.

மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், பேச்சில் குழப்பம், மிகுந்த உறக்கம், வலிப்பு, கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

இவ்விதழை மூடிவைக்கும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால், அன்று மாலை விளக்கை அருகில் வைத்து உடல் முழுவதையும் ஒருமுறை பாருங்கள். வலிக்காத ஒரு கரும்புண் கண்ணில் பட்டால், அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.