உடம்பு சொல்லும் வேகம்

விடிவதற்குள் திருக்கனூரிலிருந்து மண்ணாடிப்பட்டுப் பக்கம் போனால், காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகள் கரும்புக் கொல்லை ஓரமாக ஓடுவதைப் பார்க்கலாம். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நேரக்கெடு உண்டு. அதனால், நேற்றைய நேரத்தை இன்றே முந்திவிட வேண்டும் என்று தினமும் முட்டி மோதுகிறார்கள். தூக்கம் கெட்ட மறுநாளும் அதே வேகம், சித்திரைப் புழுக்கத்திலும் அதே வேகம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கிய பிறகுதான் நிற்கிறார்கள். அந்த நிலைக்கு அவர்கள் போகவே வேண்டியதில்லை.

‘இன்றைக்கு உடம்பு முடியல’ என்பதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குகிறோம். அறிவியல் அதை ஓர் அளவீடாகவே எடுத்துக்கொள்கிறது. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் 1970-இல் வெளியிட்ட அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். சும்மா இருந்தால் 6, மூச்சு முட்ட ஓடினால் 20. ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், அவருடைய இதயத் துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியின் சுமையை ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்றவற்றைவிட, வீரர்கள் தங்கள் களைப்பையும் மனநிலையையும் பற்றித் தாங்களே சொன்னதுதான் நுட்பமாகக் காட்டியது.

இரவெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டு ஓட வருபவர்களுக்கு இன்னொரு செய்தி. தொண்ணூறு நிமிடம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதிக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. இதயத் துடிப்பில் வித்தியாசமில்லை. ஆனாலும் அதில் பங்கேற்றவர்கள் சீக்கிரமே ஓய்ந்தார்கள். அதே மிதி அவர்களுக்குக் கூடுதல் கஷ்டமாகத் தெரிந்தது. மனம் களைத்தாலும் கால் தளரும்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்புவதால், தை மாதத்தில் ஓடிய அதே வேகத்துக்குச் சித்திரையில் இதயம் கூடுதலாகத் துடிக்கும். வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால், அது அன்றாட ஓட்டத்துக்குச் சரியான வேகம். பக்கத்திலுள்ள ஆரோவில்லில் 2008 முதல் நடக்கும் மாரத்தானில் பரிசும் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே ஓடுகிறார்கள். நம் பயிற்சியாளர்கள் ஒருமுறை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம்.

எழுந்தவுடன் வரும் சோர்வை மட்டும் உடனே நம்பிவிடக் கூடாது. பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். தசை சூடேறியதும் கால் இலகுவானால், திட்டப்படியே தொடரலாம். கனம் குறையவில்லையென்றால், வேக ஓட்டத்தை நாளைக்குத் தள்ளிவிட்டு நடந்தே வீட்டுக்குத் திரும்புங்கள். படுக்கையை விட்டு இறங்குமுன் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல் வைத்து, அரை நிமிடம் நாடியை எண்ணி இரட்டிப்பாக்குவதும் உதவும். அந்த எண் வழக்கத்தைவிடச் சில நாள் தொடர்ந்து கூடியிருந்தால், ஓய்வு போதவில்லை அல்லது காய்ச்சல் வரப்போகிறது.

காய்ச்சலில் மட்டும் பத்து நிமிடச் சோதனைகூட வேண்டாம். வைரஸ் தொற்றின்போது இதயத் தசையிலும் அழற்சி வரலாம். அப்போது ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், ஓடுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.