தலையில் பட்ட அடி

சதங்கை கட்டும் நம் குழந்தைகளுக்குக் காலில் சுளுக்கென்றால் துடித்துப் போகிறோம். தலையில் அடியென்றாலோ தைலம் தடவி மீண்டும் மேடையேற்றுகிறோம். 1998 பிப்ரவரியில் டாக்காவில் கிரிக்கெட் வீரர் இராமன் லாம்பா, தலையில் பந்து பட்டும் தாமே நடந்து வெளியேறினார். மூன்றாம் நாள் மாண்டார். அது மண்டைக்குள் இரத்தம் கசிந்த கேடு. மூளையதிர்ச்சி அத்துணைக் கொடியதன்று. எனினும், முதற் சில மணி நேரம் இரண்டையும் பெற்றோர் கண்ணால் பிரித்தறிதல் அரிது.

மூளையதிர்ச்சிக்கு மயக்கம் வந்தேயாக வேண்டுமென்பதில்லை. கோலாட்டத்தில் இருவர் மோதினாலும், கரகாட்டத்தில் மல்லாந்து விழுந்தாலும் நேரலாம். தலைவலி, தலைசுற்றல், வெளிச்சங் கூசுதல், சற்றுமுன் சொன்ன ஜதியை மறத்தல் ஆகியவை மறுநாள்கூடத் தோன்றும். ஸ்கேன் படம் பழுதின்றியிருப்பினும் அதிர்ச்சி இல்லையென்று பொருளன்று.

ஆட்டத்தை அக்கணமே நிறுத்துக. வாந்தி தொடர்ந்தாலும், வலிப்பு வந்தாலும், தலைவலி ஏறினாலும், எழுப்ப எழாவிடினும் உடனே மருத்துவரிடம் செல்க. ஹட்பே, கமோர்டா வாழ் அன்பர்கள் தலைநகருக்குக் கடல் கடக்க வேண்டியவராதலின், 'காலையில் பார்ப்போம்' என்றிருத்தல் தகாது.

ஓரிரு நாள் ஓய்வு, பின் மெல்லிய நடை, அபிநயம். குதித்தாடும் அடவுகள் மருத்துவர் இசைந்த பின்னரே. கிரிக்கெட்டில் 2019 முதல் இக்காயத்துக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்குகிறார்கள். நம் ஆசிரியர்களும் குழு நடனத்துக்கு ஒரு பெண்ணைக் கூடுதலாகப் பழக்கி வைக்கலாம். விழாவில் தம் இடம் போய்விடுமென்றே வலியை மறைக்கும் சிறுமியர் உண்டு.