ஓதம் வந்த வழி எது?

உதகை, குன்னூர் போன்ற மலை ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கல் வீடுகள் இன்றும் நிற்கின்றன. சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனால், பல வீடுகளில் பூஞ்சண வாடைதான் நம்மை வரவேற்கும்.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். வீட்டுக்காரர் அதன்மேல் சிமென்ட் பூசினார். ஓராண்டுக்குள் ஓதம் பூச்சையும் தாண்டி இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. மறுபடி பூசினார், மறுபடி ஏறியது. மூன்றாம் முறைக்குக் கடன் வாங்க இருந்தார். அந்த அறையில் படுக்கும் பாட்டிக்கோ ஓயாத இளைப்பு. மருந்து போடும் முன் நோய் எது என்று பார்க்க வேண்டாமா?

சுவருக்கு நீர் வரும் வழிகள் மூன்று. கூரை, ஜன்னல் ஓரம், வெடிப்பு ஆகியவற்றின் வழியே வரும் மழைநீரைக் கண்டுபிடிப்பது எளிது. மழை பெய்தால் கறை வளரும், ஓய்ந்தால் சுருங்கும். இந்த வீட்டுக் கறையோ மழையில்லாத மாதங்களிலும் அப்படியே இருந்தது.

இரண்டாவது வழி காற்று. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான் தாங்கும். சமையலாலும் நம் மூச்சாலும் ஈரமான காற்று, குளிர்ந்த கற்சுவரைத் தொட்டால் மிஞ்சிய ஆவி நீராகப் படியும். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான்.

மூன்றாவது வழி தரை. கருங்கல் நீரை உறிஞ்சாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல் அநேகமாக உறிஞ்சுவதில்லை. கற்களுக்கு இடையே உள்ள சாந்து உறிஞ்சுகிறது. அதிலுள்ள நுண்ணிய துளைகளில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் ஏறும். துளையின் ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் நீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் பத்தில் ஒரு பங்கானால் உயரம் பத்து மடங்கு! வழியிலேயே நீர் ஆவியாகிவிடுவதால் உண்மைச் சுவரில் அவ்வளவு உயரம் ஏறுவது அரிது.

காற்றா, சுவரா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நீங்களும் செய்து பார்க்கலாம். ஓரடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் முன்புறம் நனைந்திருந்தால் நீர் அறைக் காற்றிலிருந்து வந்தது. பின்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வந்தது. குன்னூர் வீட்டில் முன்புறம் உலர்ந்திருந்தது; பின்புறம் முத்து முத்தாக நீர்.

அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் ஒரு பூப்பாத்தி. ஆண்டாண்டாக மண்ணும் எருவும் கொட்டியதில், மண் வீட்டின் உள்தரையைவிட ஓரடி உயர்ந்து சுவரை அணைத்துக்கொண்டிருந்தது. சிமென்ட் பூச்சு செய்தது என்ன? சுண்ணாம்புக் காரை வழியே ஆவியாகிக்கொண்டிருந்த நீருக்கு அது மூடி போட்டுவிட்டது. வெளியேற இடம் தேடி நீர் இன்னும் மேலே ஏறியது. பழைய கற்சுவருக்குச் சிமென்ட் பூசுவது நல்ல யோசனை அல்ல என்பது என் கருத்து.

பாத்தியை வெட்டி எடுத்து, சுவரை ஒட்டிய மண்ணை உள்தரைக்குக் கீழே இறக்கி, மழைநீர் ஓடக் கால்வாய் அமைத்தார்கள். சிமென்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். செலவு, வாங்க இருந்த கடனில் சிறு பகுதிதான். பாட்டியின் கட்டிலை வேறு அறைக்கு மாற்றினார்கள். ஏனெனில் இவ்வளவு கனமான சுவர் உலர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

சுவர் உலரும்போது, நீர் மண்ணிலிருந்து கொண்டுவந்த உப்பு வெள்ளையாகப் பூக்கும். அதைத் துடைப்பத்தால் தட்டி வாரி எடுத்துவிட வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.