மண்ணில்லாத் தோட்டத்தில் வேர் எதைப் பற்றும்?

மண்ணில்லா வேளாண்மைக்குக் கடன் கோரி எம் கிளைகளுக்கு வரும் திட்ட அறிக்கைகளில் பசுமைக்குடில், குழாய்கள், மோட்டார் ஆகியவற்றின் விலை நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டிருக்கும். வேர் பற்றி நிற்கும் வளர் ஊடகத்திற்கோ ஒற்றை வரிதான் இருக்கும். முதல் அறுவடையையே கெடுக்கவல்லது அது என்பதால், அந்த ஒற்றை வரியை இங்கே சற்று விரித்துக் காண்போம்.

ஊடகம் செடிக்கு உணவளிப்பதில்லை. உணவு நீரில் கரைந்து வருகிறது. செடியைத் தாங்குவது, ஈரத்தைத் தேக்குவது, வேருக்குக் காற்று விடுவது ஆகியனவே அதன் பணிகள். ஈரம் கூடினால் காற்று குறையும். எனவே, மின்சாரம் நின்றால் செடி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நாகபுரியில் மே மாத நண்பகல் வெப்பம் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. அங்கே குழாயில் மெல்லிய நீரோட்டத்தை மட்டும் நம்பி நிற்கும் கீரை, மோட்டார் நின்ற சில மணி நேரத்தில் வாடிவிடும். ஈரம் தேக்கும் ஊடகம் நிரம்பிய பையில் நிற்கும் தக்காளிக்கு அவ்வளவு அவசரமில்லை.

அத்தகைய ஊடகங்களுள் நம் நாட்டில் எளிதிற் கிடைப்பது தென்னை நார்க்கழிவு. கோகோபீட் என்ற பெயரில் 5 கிலோ கட்டிகளாக விற்கப்படுகிறது. மலிவான கட்டிகளில் பெரும்பாலும் குறையாக இருப்பது உப்பு. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து கிடைக்கும் கழிவில் சோடியம், பொட்டாசியம் மிகுந்திருக்கும். வெறும் நீரில் அலசினால் கரையும் உப்பு மட்டுமே போகும். நாரோடு ஒட்டியிருப்பது போகாது. பின்னர் ஊட்டக் கரைசலை ஊற்றும்போது கழிவு அதிலுள்ள கால்சியத்தைத் தான் பற்றிக்கொண்டு சோடியத்தை வெளிவிடும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகும். உரம் போதவில்லை என்றெண்ணி மேலும் உரமிட்டால் உப்பு இன்னும் கூடும். இதற்கு மாற்று, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மீண்டும் அலசுவதே.

வாங்குமுன் சோதிப்பதும் எளிது. ஒரு பங்கு ஈரக் கழிவை ஒன்றரைப் பங்கு வாலைவடிநீரில் கலக்கி வடித்து, மின்கடத்துத்திறனை அளக்கலாம். அளவு 0.5 மில்லிசீமென்சுக்குக் குறைவாக இருத்தல் நலம். கருவிக்காகச் செலவிடும் தொகை ஒரு பயிரின் இழப்போடு ஒப்பிட மிகச் சிறிது.

பிற ஊடகங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுட்ட களிமண் உருண்டைகள் காற்றோட்டம் மிக்கவை. ஈரம் அதிகம் தேக்கா. நீர் நிரம்பி வடியும் தொட்டிகளுக்கு ஏற்றவை. பெர்லைட் தனித்து நிற்பதைவிட நார்க்கழிவோடு கலக்கும்போது நன்கு பயன்படும். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் வேண்டும். பாறையை உருக்கி நூற்ற ராக்வூல் நாற்றுக்கு மிக நன்று; ஆனால் மக்காது, பயன்படுத்திய பின் எங்கே போடுவது என்ற கேள்வி எழும்.

கணக்கு எழுதும்போதும் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும். களிமண் உருண்டையைக் கழுவி, கிருமிநீக்கம் செய்து பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். அது மூலதனச் செலவு. நார்க்கழிவு சில பயிர்களுக்குப் பின் நைந்து காற்றோட்டம் இழக்கும். அது நடைமுறைச் செலவு. இரண்டாவதை முதலாவதன் கீழ் எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு புதிய கட்டிகள் வாங்கும் வேளையில் கையில் பணம் இராது. புதிய சரக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டியை முன்னதாக வாங்கிச் சோதித்த பின்னரே முழுத்தொகையையும் செலுத்துமாறு வேண்டுகிறோம்.