பிழையும் திருத்தமும்

செய்யும் செயல் குற்றமற்றதாக அமைதல் வேண்டும் என்று விரும்புதல் நன்றே. ஆயினும், குற்றமே நேராது என்னும் உறுதி பிறந்த பின்னரே செயலைத் தொடங்குவேன் என்று காத்திருத்தல் நன்றன்று. அவ்வுறுதி எக்காலத்தும் பிறவாது, காலம் கழியும், செயல் நிகழாது. இவ்வுண்மையைப் பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

இன்று நாம் எளிதிற் பெற்றுப் படிக்கும் சங்க நூல்களும் தொல்காப்பிய உரைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் பனையோலை ஏடுகளிலேயே இருந்தன. ஏட்டின் ஆயுள் குறுகியது. செல்லும் பூச்சியும் அரிக்கும். பழைய ஓலை தொட்ட அளவில் ஒடியும். உரிய காலத்தில் பெயர்த்தெழுதாவிடின் நூல் அடியோடு அழியும். பெயர்த்தெழுதினும் இடர் உண்டு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒருவடிவாகவே இருக்கும். ஆதலின் ‘பெறு’ என்பதும் ‘பேறு’ என்பதும் கண்ணுக்கு ஒன்றே. ரகரமும் துணைக்காலும் வேறுபாடின்றித் தோன்றும். செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று காட்டும் குறியும் இராது. இத்தகைய ஏடுகளைக் கொண்டு பிழையே இல்லாத பதிப்பு ஒன்றை முதன்முறையிலேயே வெளியிடுதல் எவர்க்கும் அரிது.

இவ்வருமையை நன்கறிந்தும் பணியில் இறங்கியவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. இவர் 1832-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சிறுப்பிட்டியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஏடுகள் நாடோறும் அழிந்து வருதலைக் கண்டு இவர் உள்ளம் வருந்தினார். ஐயம் யாவும் நீங்கட்டும் என்று காத்திருந்தால், ஐயங்களோடு நூலும் மறையும் என்பதை உணர்ந்தார். கிடைத்த ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கி, இயன்ற அளவு திருத்தி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887-ஆம் ஆண்டிலும் அச்சிட்டு வெளியிட்டார்.

பொருளதிகாரப் பதிப்பில் பெரியதொரு பிழை நேர்ந்தது. பொருளதிகாரம் ஒன்பது இயல்களை உடையது. அவ்வொன்பதிற்கும் அமைந்த உரை நச்சினார்க்கினியர் இயற்றியதே எனக் கருதி, தாமோதரம் பிள்ளை அவ்வாறே பதிப்பித்தார். உண்மையில், இறுதியில் உள்ள மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் நான்கிற்கும் அவர் பதிப்பித்த உரை பேராசிரியர் இயற்றியது. 1901-ஆம் ஆண்டில் தாமோதரம் பிள்ளை மறைந்தார். 1902-ஆம் ஆண்டில் தோன்றிய ‘செந்தமிழ்’ இதழில், ரா. இராகவையங்கார் இவ்வுண்மையை ஆராய்ந்து வெளிப்படுத்தினார்.

இதனால் தாமோதரம் பிள்ளையின் உழைப்பு வீணாயிற்றோ? இல்லை. ஏடு ஓர் ஊரில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தவரை அதனை ஆராய்வார் யார்? அச்சுநூலாகிப் பலர் கைக்குச் சென்றமையால் அன்றோ உரையின் நடை வேறுபாட்டைக் கற்றோர் கருதிப் பார்க்க இயன்றது! அவர் பதிப்பு வெளிவாராதிருப்பின் அப்பிழை நேர்ந்திராது. பேராசிரியர் உரை நம் கைக்கு வருதலும் ஐயமே. பிழையோடு பிழைத்த நூலைப் பின்னோர் திருத்தலாம். அழிந்த நூலைத் திருத்துவார் எவருமிலர்.

உ. வே. சாமிநாதையர் வாழ்வும் இதற்குச் சான்றாகும். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, பல நூல் கற்ற ஐயர் அந்நூலை அறியாதிருந்தார். படிக்கப் புகுந்தபோது அதில் வரும் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அறியாமையை மறைக்க அவர் முயலவில்லை. அவ்வூரிலிருந்த சமணர்களை நாடி, மாணவரைப்போலக் கேட்டுத் தெளிந்தார். 1887-ஆம் ஆண்டில் முதற் பதிப்பு வெளிவந்தது. அத்துடன் அவர் அமையவில்லை. மேலும் ஆராய்ந்து, 1907-ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பையும், 1922-ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பையும் திருத்தி வெளியிட்டார். முதற் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. முதலாவது இல்லையேல் மூன்றாவது ஏது?

மாணவர்களே! இதனால் பிழை செய்தல் நன்று என்று கொள்ளற்க. அப்பெரியோர் இருவரும் பல ஏடுகளை ஒப்பிட்டனர். இரவும் பகலும் உழைத்தனர். அசட்டையால் நேரும் பிழை வேறு. முயன்றும் நேரும் பிழை வேறு. முன்னதற்கு நாணுதல் வேண்டும். பின்னதற்கு அஞ்சுதல் வேண்டா. ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்பது பழமொழி. சறுக்கிய யானை நின்றுவிடுவதில்லை; அடுத்த அடியை ஊன்றி வைத்து நடக்கின்றது.

தவறாகிவிடுமோ என்று அஞ்சி விடைத்தாளை வெறுமையாகக் கொடுக்கும் மாணவனுக்கு ஆசிரியர் எதைத் திருத்திக் கொடுப்பார்? பிழைபட எழுதியவன் சிவப்பு மையால் இட்ட குறியைக் கண்டு, அவ்விடத்தை ஒருமுறைக்கு இருமுறை கற்பானாயின், அப்பிழையே அவனுக்கு ஆசானாகும். ஆதலின், இயன்றவரை செவ்வையாகச் செய்யுங்கள். செய்ததைப் பிறர் பார்வைக்கு வையுங்கள். குறை காட்டுவாரைப் பகையாது ஏற்றுத் திருத்துங்கள். செம்மை அடையும் வழி அதுவே.