மாவட்டம் மாறலாம், போல்டர் குழம்பக் கூடாது!

கம்ப்யூட்டருடன் ஸ்கேனரும் வாங்கிவிட்டீர்களா? வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கத் தோன்றும். நல்ல காரியம்தான். ஆனால் "நியூ போல்டர்", "நியூ போல்டர் (2)" என்று அப்படியே விட்டுவிட்டால், பத்திரம் தேவைப்படும் நாளில் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியிருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா காலத்துப் பத்திரத்தில் "செங்கல்பட்டு மாவட்டம்" என்றுதான் இருக்கும். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான். போல்டருக்குச் "செங்கல்பட்டு" என்று மட்டும் பெயர் வைத்தால், 2019-ல் உருவான இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நிலம் என்று பேரன் நினைத்துவிடுவான். "திருவள்ளூர்" என்று மட்டும் வைத்தாலோ, பத்திரத்தில் உள்ள பெயரோடு பொருந்தாது. திருத்தணிக்காரர்களுக்கு இன்னும் சிக்கல். அவர்கள் ஊர் 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

ஆவணக் காப்பகங்களில் இதற்கு ஒரு வழி உண்டு. ஆவணம் எந்த அலுவலகத்தில் உருவானதோ, அதன் அன்றைய பெயரிலேயே வைப்பார்கள். இன்றைய பெயரைத் துணைக் குறிப்பாகச் சேர்ப்பார்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே முன்பு "மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்" என்ற பெயரில் இயங்கியதுதான்!

இதே முறையை நீங்களும் பின்பற்றலாம்.

1. போல்டரைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்துங்கள். "கும்மிடிப்பூண்டி நிலம் - செங்கல்பட்டு (இப்போது திருவள்ளூர்)" என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. பைல் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வரட்டும். "1978-06-12 கிரயப் பத்திரம்" என்பது போல் வைத்தால், பெயர்ப்படி அடுக்கும்போது எல்லாம் கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் போட்டால் வருடங்கள் கலந்துவிடும்.

3. சர்வே எண்ணையும் சேருங்கள். 45/2 என்று டைப் செய்தால் விண்டோஸ் ஏற்காது. பைல் பெயரில் சாய்கோடு போட முடியாது. 45-2 என்று போடுங்கள்.

4. நோட்பேடில் ஒரு பட்டியல் தயாரித்து, அசல் பத்திரம் எந்தப் பெட்டியில் உள்ளது என்று எழுதி அதே போல்டரில் வையுங்கள்.

முடித்ததும் போல்டர் முழுவதையும் பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். ஸ்கேன் செய்துவிட்டோமே என்று அசலை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். வங்கியில் கடன் கேட்டுப் போனால் அசலைத்தான் கேட்பார்கள்!